ஹாலிவுட் சம்பளத்தில் காப்பாற்றிய வீடு: வில்லியம் ஃபாக்னரின் ஊரில் ஒரு நடை

ஆக்ஸ்ஃபோர்டு என்றால் நம் எல்லோருக்கும் இங்கிலாந்துதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலும் ஓர் ஆக்ஸ்ஃபோர்டு இருக்கிறது. மெம்ஃபிஸ் நகரத்திலிருந்து காரில் தெற்கே ஒன்றரை மணி நேரம் போனால் வரும் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர் அது. பெரிய பெயரை வைத்தால் ஒரு பல்கலைக்கழகமும் வந்து சேரும் என்ற ஆசையில் ஊர்க்காரர்கள் முன்கூட்டியே சூட்டிய பெயர். ஆசை வீண்போகவில்லை. 1848-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகம் அங்கே திறக்கப்பட்டது.

ஆனால், கதை படிக்கிறவர்கள் இந்த ஊரைத் தேடி வருவது ஒரு பழைய வெள்ளை மர வீட்டுக்காக. இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஃபாக்னர் 32 ஆண்டுகள் வாழ்ந்த வீடு. அதில் ஓர் அறையின் சுவரில், ஒரு நாவலின் திட்டத்தை அவர் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த வீட்டைக் கைவிட்டுப் போகாமல் வைத்திருக்க நாவல்களின் வருமானம் போதவில்லை. சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹாலிவுட்டில், அடுத்தவர்களின் படங்களுக்கு வசனமும் திரைக்கதையும் எழுதிச் சம்பாதித்த பணம்தான் கைகொடுத்தது. குடும்பத்துக்காக வெளியூரில் வேலை பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் இந்த வீட்டின் கதை அவர்களுக்கு உடனே புரியும்.

சதுக்கத்தில் தொடங்குவோம்

ஆக்ஸ்ஃபோர்டின் நடுவில் ஒரு சதுக்கம். சதுக்கத்தின் நடுவில் மணிக்கூண்டு வைத்த வெள்ளை நீதிமன்றக் கட்டடம். சுற்றிலும் மாடத்தோடு கூடிய பழைய கடைகள், உணவகங்கள், புத்தகக் கடைகள். நகர மன்றத்தின் முன்னால் ஒரு பெஞ்சில், கையில் புகைக்குழாயோடு கால் மேல் கால் போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வெண்கலச் சிலைதான். ஃபாக்னரின் நூற்றாண்டையொட்டி 1997-ல் வைத்தது. பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஃபாக்னர் 1897-ல் பக்கத்து ஊரான நியூ ஆல்பனியில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயது ஆவதற்குள் குடும்பம் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்துவிட்டது. இந்தச் சதுக்கத்தையும், நீதிமன்றத்தையும், சுற்றியுள்ள பருத்திக் காடுகளையும், இங்கே வாழ்ந்த வெள்ளையரையும் கருப்பினத்தவரையும் எடுத்துக்கொண்டு, யோக்னபடாஃபா என்று ஒரு கற்பனை மாவட்டத்தையே உருவாக்கினார். ஒரு நாவலின் கடைசியில் அதற்கு வரைபடமும் வரைந்து, அந்த மாவட்டத்தின் ஒரே சொந்தக்காரர் என்று தன் பெயரையே போட்டுக்கொண்டார்.

கற்பனை மாவட்டத்துக்குச் சொந்தக்காரர். நிஜ ஊரில் கடன்காரர்.

சதுக்கத்தில் நீல்சன்ஸ் என்றொரு துணிக்கடை இருக்கிறது. 1839-ல் தொடங்கிய வியாபாரம். ஃபாக்னருக்கு அங்கே கணக்கு உண்டு, பாக்கியும் உண்டு. பணம் கேட்டுக் கடையிலிருந்து போன நினைவூட்டலுக்கு அவர் எழுதிய பதிலைக் கடைக்காரர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு முடிந்தது இவ்வளவுதான், போதாது என்றால் வழக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில் எழுதிய கடிதம். பாக்கியைவிட அந்தக் கடிதத்தின் மதிப்பு இன்று பல மடங்கு இருக்கும்!

வாங்கியது வீடு, வந்தது செலவு

சதுக்கத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் மரங்கள் அடர்ந்த ஒரு வளாகம். இரு பக்கமும் செடார் மரங்கள் வரிசைகட்டி நிற்க, செங்கல் பாதையின் முடிவில் நான்கு உயரமான தூண்களோடு நிற்கிறது ரோவன் ஓக்.

இந்த வீடு 1840-களில் கட்டப்பட்டது. 1930-ல் ஃபாக்னர் இதை வாங்கியபோது மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, கூரை ஒழுகியது. விலை 6,000 டாலர். முன்பணம் கொடுக்க வழியில்லை. மாதம் 75 டாலர் தவணை என்று பேசி முடித்தார். உத்தரம் மாற்றுவது முதல் வண்ணம் பூசுவது வரை பல வேலைகளை அவரே செய்தார்.

அப்போது அவர் நிலை என்ன? இன்று உலகம் முழுவதும் பாடமாக வைக்கப்படும் ‘தி சவுண்ட் அண்ட் த ஃப்யூரி’ முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. முதல் பதிப்பு வெறும் 1,789 பிரதிகள். அடுத்த நாவலான ‘ஆஸ் ஐ லே டையிங்’, பல்கலைக்கழகத்தின் மின் நிலையத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டே சுமார் ஏழு வாரத்தில் எழுதி முடித்தது. பெயர் வந்தது, பணம் வரவில்லை.

வீட்டில் மனைவி எஸ்டெல், அவருடைய முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு குழந்தைகள், வேலைக்காரர்கள். 1931 ஜனவரியில் பிறந்த முதல் பெண் குழந்தை சில நாட்களிலேயே இறந்துபோனது. அந்த ஆண்டு வெளிவந்த ‘சாங்க்சுவரி’ நன்றாக விற்றது. இனிக் கவலையில்லை என்று நினைத்த நேரத்தில் பதிப்பகமே திவாலாகிவிட்டது. அவருக்கு வர வேண்டிய சுமார் 4,000 டாலர் அதோடு போயிற்று. வீட்டின் விலையில் மூன்றில் இரண்டு பங்கு!

அந்தச் சமயத்தில்தான் ஹாலிவுட்டிலிருந்து அழைப்பு வந்தது. எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் வேலை. வாரம் 500 டாலர். ஒரு வாரச் சம்பளத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வீட்டுத் தவணை கட்டிவிடலாம். 1932 மே மாதம் ஃபாக்னர் கலிஃபோர்னியாவில் இருந்தார்.

காணாமல்போன எழுத்தாளர்

அவர் போன வழியில் நாமும் மேற்கே போவோம். லாஸ் ஏஞ்சலஸில், கல்வர் சிட்டி என்ற பகுதியில் இருந்தது எம்.ஜி.எம். அந்த வளாகத்தில் இப்போது சோனி பிக்சர்ஸ் இயங்குகிறது.

முதல் நாள் நடந்ததை, அப்போது அங்கே கதை இலாகாவைக் கவனித்த சாம் மார்க்ஸ் பின்னாளில் ருசியாகச் சொல்லியிருக்கிறார். எதற்கு எழுத விருப்பம் என்று கேட்டார்களாம். மிக்கி மவுஸுக்கு எழுதுகிறேன் என்றாராம் ஃபாக்னர். அது டிஸ்னியுடையது, நம்முடையது இல்லை என்று விளக்கி, ஒரு குத்துச்சண்டைப் படத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளியே போனவர் பல நாட்கள் கழித்துத்தான் திரும்பி வந்தார். எங்கே போனீர்கள் என்றால், பாலைவனத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன் என்று பதில்.

அவரைச் சினிமாவுக்குப் பழக்கியவர் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ். ஃபாக்னரின் சிறுகதை ஒன்றை வாங்கி, அவரையே வைத்துத் திரைக்கதை எழுத ஆரம்பித்தார். முதல் உலகப்போரில் சண்டையிடும் ஆண்களைப் பற்றிய கதை. பெண் பாத்திரமே கிடையாது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டூடியோ சொன்னது: ஜோன் க்ராஃபோர்டு நம் ஒப்பந்தத்தில் இருக்கிறார், அவருக்கும் ஒரு பாத்திரம் வேண்டும். நாவல் எழுதும்போது ஒரு காற்புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர், மறுபேச்சில்லாமல் ஒரு கதாநாயகியை உள்ளே கொண்டுவந்தார். ‘டுடே வீ லிவ்’ 1933-ல் வெளியானது.

அதற்குள் 1932 ஆகஸ்டில் அவர் அப்பா இறந்துவிட்டார். மூத்த மகன் என்ற முறையில் அம்மாவின் பொறுப்பும் சேர்ந்தது. 1933-ல் மகள் ஜில் பிறந்தாள். 1935 நவம்பரில் கடைசித் தம்பி டீன் விமான விபத்தில் பலியானார். ஃபாக்னர் வாங்கித் தம்பிக்குக் கொடுத்த விமானம் அது. கர்ப்பிணியாக இருந்த தம்பி மனைவியையும், பிறகு பிறந்த பெண்ணையும் தன் பொறுப்பிலேயே எடுத்துக்கொண்டார். அடுத்த மாதமே மறுபடி ஹாலிவுட். பெட்டியில் ‘அப்சலோம், அப்சலோம்!’ நாவலின் கையெழுத்துப் பிரதி இருந்தது. ஸ்டூடியோ வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில் அதை வளர்த்தார். பலர் அவருடைய ஆகச் சிறந்த நாவல் என்று சொல்வது இதைத்தான்.

ஒரே உணவகம், இரண்டு விதி

ஹாலிவுட் பூலிவார்டில் மஸ்ஸோ அண்ட் ஃப்ராங்க் என்ற உணவகம் 1919 முதல் இருக்கிறது. சிவப்புத் தோல் இருக்கைகள், இருண்ட மரச் சுவர்கள். சினிமாவுக்கு எழுத வந்த நாவலாசிரியர்கள் கூடிய இடம் இது. ஃபாக்னர் வருவார். ரேமண்ட் சாண்ட்லர் வருவார். ‘தி கிரேட் கேட்ஸ்பி’ எழுதிய ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டும் வருவார்.

ஃபிட்ஸ்ஜெரால்டும் கடனை அடைக்கத்தான் வந்தார். 1937-ல் எம்.ஜி.எம். அவருக்கு வாரம் 1,000 டாலர் கொடுத்தது. சினிமாவை ஒரு கலையாகக் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்று உயிரைக் கொடுத்து உழைத்தார். அவர் எழுதியதைத் தயாரிப்பாளர் மாற்றும்போதெல்லாம் உடைந்துபோனார். ‘த்ரீ காம்ரேட்ஸ்’ என்ற ஒரே படத்தில்தான் அவர் பெயர் திரையில் வந்தது. 1940 டிசம்பரில், 44 வயதில், ஹாலிவுட்டிலேயே மாரடைப்பில் இறந்தார். ஹாலிவுட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நாவல் பாதியில் நின்றது.

ஃபாக்னருக்கு இந்த ஊர் பிடிக்கவே இல்லை. ஆனால் தன் நாவலுக்கு ஒரு நியாயம், சம்பள வேலைக்கு ஒரு நியாயம் என்று பிரித்து வைத்துக்கொண்டார். திரைக்கதையை மாற்றுகிறார்களா, மாற்றட்டும். நாவலில் கை வைக்காதவரை சரி. வேலை முடிந்ததும் அடுத்த ரயில் எப்போது என்று பார்ப்பார்.

அவரைப் பற்றி ஹாலிவுட்டில் ஒரு வேடிக்கை உண்டு. ஆபீஸில் எழுத வரவில்லை, வீட்டிலிருந்து எழுதலாமா என்று கேட்டாராம். சரி என்றார்களாம். சில நாள் கழித்துத் தேடினால் ஆள் மிசிசிப்பியில் இருந்தாராம்! சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைதான். ஆனால் ஃபாக்னருக்கு வீடு என்றால் எது என்பதில் அந்தக் கதை தவறவில்லை.

பர்பேங்க் நாட்கள்

பர்பேங்கில் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ இன்றும் இயங்குகிறது. சுற்றுலாப் பயணிகளை உள்ளே அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். 1942-ல் ஃபாக்னர் இங்கே வந்து சேர்ந்தது அவருடைய மிக மோசமான காலத்தில். அவர் புத்தகங்கள் கிட்டத்தட்ட எதுவுமே கடைகளில் கிடைக்கவில்லை. பத்தாண்டுக்கு முன் வாரம் 500 டாலர் வாங்கியவர், இப்போது 300 டாலருக்கு ஏழாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவின் சிறந்த எழுத்தாளர் 300 டாலருக்கு என்னிடம் வேலை செய்கிறார் என்று முதலாளி ஜாக் வார்னர் பெருமையடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

காலையில் வர வேண்டும், மாலைவரை இருக்க வேண்டும். பிரெஞ்சுத் தலைவர் டி கால் பற்றி மாதக்கணக்கில் எழுதினார். படமே எடுக்கவில்லை. சொந்தக் கார் இல்லை. சக எழுத்தாளர் ஒருவரின் வீட்டில் தங்கி, அவர் காரில் வேலைக்குப் போய்வந்த காலமும் உண்டு.

இதே ஸ்டூடியோவில்தான் அவர் பெயர் சொல்லும் இரண்டு படங்களும் நடந்தன. இரண்டுக்கும் இயக்குநர் ஹாக்ஸ், கதாநாயகன் ஹம்ஃப்ரி போகார்ட். ‘டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்’ ஹெமிங்வே எழுதிய நாவல். அதைக் கியூபாவில் நடப்பதாக எடுக்க அமெரிக்க அரசு தரப்பில் ஆட்சேபம் வந்தது. மார்ட்டினிக் தீவுக்கு மாற்றலாம் என்று வழி சொன்னவர் ஃபாக்னர். படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்க, அடுத்தடுத்த காட்சிகளை அவர் எழுதிக் கொடுத்தார். 19 வயது லாரன் பகால் அதில்தான் அறிமுகமானார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற இரண்டு எழுத்தாளர்களின் பெயர் ஒரே படத்தில்!

அடுத்தது சாண்ட்லரின் துப்பறியும் நாவலான ‘தி பிக் ஸ்லீப்’. லீ பிராக்கெட் என்ற இளம்பெண் எழுத்தாளரும் ஃபாக்னரும் அத்தியாயங்களைப் பங்கு போட்டுக்கொண்டு எழுதினார்கள். 1944 டிசம்பரில் ஃபாக்னர் விடுப்பில் ஊருக்குக் கிளம்பினார். சம்பளம் நின்றுவிட்டது. ஆனாலும் ரயிலில் போகும்போதே சில காட்சிகளைத் திருத்தி எழுதி ஸ்டூடியோவுக்கு அனுப்பினார். சம்பளக் கணக்கு முடிந்த பிறகு, ஊருக்குப் போகிற வழியில், மகிழ்ச்சியோடு செய்தது என்று ஒரு குறிப்பும் வைத்தார். கூலிக்கு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கூலி இல்லாமலும் அந்த வேலையைச் சுத்தமாகச் செய்ய விரும்பியிருக்கிறார்.

1945 செப்டம்பரில் ஃபாக்னர் வார்னரை விட்டுக் கிளம்பினார். இந்த முறை கூடவே ஒரு சினைக் குதிரை. மகள் ஜில்லுக்காக வாங்கியது. வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு, பாலைவனங்களைத் தாண்டி ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. மறு ஆண்டு பதிப்பகத்தார் ஜாக் வார்னரிடம் பேசி, நாவலை முடிக்கும்வரை அவரை விட்டுவைக்கச் சொன்னார்கள். ஸ்டூடியோவும் இறங்கிவந்தது.

சுவரில் எழுதியது

இப்போது நாமும் ரோவன் ஓக்குக்குத் திரும்புவோம். 1972 முதல் வீடு பல்கலைக்கழகத்தின் வசம் இருக்கிறது. ஜன்னலோரச் சின்ன மேஜையில் அவருடைய டைப்ரைட்டர். தொலைபேசி இருந்த இடத்தில் சுவரிலேயே கிறுக்கிய எண்கள். அவருக்கு ஏ.சி. பிடிக்காது. அடக்கம் முடிந்த மறுநாளே எஸ்டெல் தன் அறைக்கு ஏ.சி. வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள்.

எல்லோரும் வந்து நிற்பது அவர் எழுதிய அறையில். சுவரில் கிழமைவாரியாகப் பத்தி பிரித்து, ‘எ ஃபேபிள்’ நாவலில் எந்த நாளில் என்ன நடக்கிறது என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். முதல் உலகப்போரில் சண்டையிட மறுக்கும் ஒரு படைப்பிரிவின் கதை. ஏசுவின் கடைசி வாரத்தை உள்ளே வைத்துப் பின்னியது.

இந்தக் கதைக்கரு அவருக்குக் கிடைத்த இடம் எது தெரியுமா? ஹாலிவுட்! 1943-ல் தயாரிப்பாளர் வில்லியம் பாக்கரும் இயக்குநர் ஹென்றி ஹாத்தவேயும் ஒரு படத்துக்காகச் சொன்ன யோசனை. படம் நடக்கவில்லை. ஃபாக்னரால் அந்தக் கருவை விட முடியவில்லை. பத்தாண்டுக்கு மேல் உழைத்து 1954-ல் நாவலாகக் கொண்டுவந்தார். முதல் பக்கங்களிலேயே அந்த இருவருக்கும் நன்றி சொன்னார். அது புலிட்சர் பரிசும் பெற்றது.

ஹாலிவுட் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதும் கொஞ்சமல்ல. 1942-க்குப் பிறகு அடுத்த நாவல் வர 1948 ஆயிற்று. 40-களில் இருந்த ஓர் எழுத்தாளருக்கு ஆறு வருடம் என்பது சின்ன இழப்பா? ஆனால் ஹாலிவுட் பணம் கூரையைக் காத்தது. அந்தக் கூரையின் கீழ் உள்ள சுவரில் எழுதியிருப்பதும் ஹாலிவுட் கொடுத்த கரு. அந்த அறையில் நின்றுகொண்டு லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை.

சினிமா அவர் ஊருக்கு வந்தது

சதுக்கத்துக்குப் பக்கத்தில் லிரிக் தியேட்டர் இருக்கிறது. 1948-ல் வந்த ‘இன்ட்ரூடர் இன் த டஸ்ட்’ நாவலின் பட உரிமையை எம்.ஜி.எம். 50,000 டாலருக்கு வாங்கியது. செய்யாத கொலைக்காகக் கைதான ஒரு கருப்பின முதியவரை, கும்பல் அடித்துக் கொல்வதற்குள் காப்பாற்றப் போராடும் கதை. 1949-ல் ஆக்ஸ்ஃபோர்டிலேயே படம் பிடித்தார்கள். ஊர் மக்களே கூட்டமாக நடித்தார்கள். அந்த முதியவராக நடித்த ஹுவானோ ஹெர்னாண்டஸ் மற்ற நடிகர்களோடு தங்க முடியவில்லை. நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலம். ஊரின் கருப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கினார். கதை எதைப் பற்றியதோ, அது படப்பிடிப்பிலேயே கண்ணெதிரில் நடந்துகொண்டிருந்தது.

அக்டோபரில் லிரிக்கில்தான் முதல் காட்சி. வரமாட்டேன் என்று அடம்பிடித்த ஃபாக்னரைக் குடும்பத்தார் ஒருவழியாக அழைத்துவந்தார்கள். அடுத்த ஆண்டு நோபல் பரிசு அறிவிப்பு வந்தது. கடன் தொல்லை தீர்ந்தது. அதற்குப் பிறகும் ஹாக்ஸ் கூப்பிட்டால் போனார். பழைய நண்பருக்காக எகிப்து அரசர்களைப் பற்றிய ‘லேண்ட் ஆஃப் த ஃபேரோஸ்’ வரை எழுதினார்.

சதுக்கத்திலிருந்து நடக்கும் தூரத்தில் செயின்ட் பீட்டர்ஸ் கல்லறைத் தோட்டம். 1962 ஜூலை 6 அன்று ஃபாக்னர் இறந்தார். மறுநாள் அடக்கம். வாசகர்கள் இன்றும் அவர் கல்லறையில் நாணயங்களையும், அவருக்குப் பிடித்த விஸ்கி பாட்டில்களையும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அடக்கத்தன்று சதுக்கத்துக் கடைகளின் கதவுகளில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வில்லியம் ஃபாக்னரின் நினைவாக மதியம் 2 மணி முதல் 2:15 வரை கடை மூடியிருக்கும் என்று. ஒரு காலத்தில் அவர் பெயரைப் பாக்கிக் கணக்கில் எழுதி வைத்துக் காத்திருந்த அதே சதுக்கம், அந்தக் கால் மணி நேரம் வியாபாரத்தை நிறுத்தி வைத்தது.